இரும்பு இருக்கு, வேலையைக் காணோம்

போன இதழில், பழைய சித்திர வேலைத் துப்பாக்கிகளைப் பற்றிக் கேட்க நினைப்பவர்கள் எழுதலாம் என்று ஆசிரியர் ஒரு வரி போட்டிருந்தார். ஏழெட்டுக் கடிதம் வரும் என்று நினைத்தேன். ஒரு மஞ்சப்பை நிறைய வந்துவிட்டது. அதில் பாதி, "என்ன விலைக்குப் போகும்?" என்பதுதான். விலை சொல்கிற ஆள் நான் இல்லை. பாளையங்கோட்டையில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றில் 1972-ல் எடுபிடியாகச் சேர்ந்து, 38 வருஷம் ரிப்பேர் மேசையில் உட்கார்ந்தவன். கையில் பிடித்துப் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

களக்காடு வாசகி: அப்பா தை மாதம் தவறிவிட்டார். பரணில் தோல் பெட்டிக்குள் அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. தாத்தா ஒரு வெள்ளைக்காரத் தோட்ட மேனேஜரிடம் வாங்கியதாம். பூவும் கொடியுமாக அவ்வளவு அழகான வேலை. "இப்போதைக்கு யாரிடமும் மூச்சு விடாதே" என்கிறான் அண்ணன். என்ன செய்யட்டும்?

அண்ணன் பேச்சைக் கேட்காதே தாயி. லைசென்ஸ் அப்பா பேரில் இருந்தது. அவர் போனதும் அந்தப் புத்தகத்துக்கு உயிர் இல்லை. அதற்குப் பிறகு துப்பாக்கி பரணில் இருக்கிற ஒவ்வொரு நாளும் உங்கள் வீட்டுக்குத்தான் வம்பு. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 21-ம் பிரிவு, இந்த மாதிரி நேரத்தில் காலதாமதம் இல்லாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. ஒப்படைத்தால் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். வாரிசு தன் பேரில் லைசென்ஸ் வாங்கித் திரும்ப எடுக்கலாம், அல்லது லைசென்ஸ் உள்ள இன்னொருவருக்கு விற்கலாம். ஆனால் கெடு உண்டு. கெடு தாண்டினால் அரசாங்கத்துக்குப் போய்விடும். அதனால் ஒப்படைத்த கையோடு வாரிசு லைசென்ஸுக்கு மனுப் போட்டுவிடுங்கள். நீங்கள் களக்காடு என்பதால் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு ஒரு நடை போக வேண்டியிருக்கும். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று எல்லாம் கேட்பார்கள்.

இரண்டு இடத்தில் எதைத் தேர்ந்தெடுப்பாய் என்று கேட்டால், வியாபாரியைத்தான் சொல்வேன். ஸ்டேஷன்காரர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு ஆயிரம் வேலை. தேர்தல் வந்தால் ஊரிலுள்ள லைசென்ஸ்காரர்கள் எல்லாரும் கொண்டுபோய் வைக்கிற துப்பாக்கிகள் ஒரே அறையில் விறகு மாதிரி சாத்தியிருக்கும். ஒரு தேர்தல் முடிந்து எங்கள் கடைக்கு வந்த ஒரு துப்பாக்கியில், பக்கத்துத் துப்பாக்கியின் விசைவளையம் (விசையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையம்) உரசி, பூட்டுத் தகட்டில் (சுடும் பொறியை மூடுகிற பக்கத் தகடு) செதுக்கியிருந்த நாயின் முகத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. நாய்க்கு மீசை வைத்த மாதிரி இருந்தது. அதை எடுக்க வழியே கிடையாது.

எங்கே கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன்னால் நாலா பக்கமும் போட்டோ எடு. ரசீதில் "பழைய துப்பாக்கி 1" என்று எழுத விடாதே. செய்தவர் பெயர், நம்பர், குழலின் நீளம், சித்திர வேலை உண்டு என்பது, எல்லாம் இருக்க வேண்டும். நம்பர் பெரும்பாலும் விசைவளையத்தின் வால் பகுதியில் இருக்கும். அப்புறம், அந்தத் தோல் பெட்டியோடு சேர்த்துக் கொடுக்காதே. தோல் ஈரத்தைக் குடிக்கும், உள்ளே இருக்கிற இரும்பு துரு ஏறும். பெட்டி தனியாக வீட்டில் இருக்கட்டும். உள்மூடியில் செய்தவர் லேபிள் ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டாமல் பார்த்துக்கொள்.

மேலப்பாளையம் வாசகர்: எங்களுடையதில் "டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் பெரிய கம்பெனி என்கிறார்கள். உண்மையா?

பெரிய கம்பெனியின் பெயர் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ். 1812-ல் பர்மிங்காமில் தொடங்கியது. அந்தப் பெயரில் மயங்கி வாங்கட்டும் என்றே "டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்" என்று பொறித்த துப்பாக்கிகள் பெல்ஜியத்திலிருந்து கப்பல் கப்பலாகப் போயின. அதே பெயரில் நிஜமான வியாபாரிகளும் இருந்தார்கள். அதனால் மேலே இருக்கும் பெயரை நம்பாதீர்கள். குழலைக் கழற்றித் திருப்பி, கட்டைக்குள் மறைந்திருக்கும் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பொய் சொல்லாத இடம் அதுதான்.

முட்டை வடிவக் கோட்டுக்குள் இ, எல், ஜி என்ற மூன்று எழுத்து இருந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் குழலின் பலத்தைச் சோதனை செய்தது. முட்டைக்கு மேலே கிரீடமும் இருந்தால் 1893-க்குப் பிறகு. கிரீடத்தின் கீழே செங்கோல் இரண்டு குறுக்காக இருந்தால் பர்மிங்காம். கிரீடத்தின் கீழ் ஜியும் பியும் பின்னிக்கிடந்தால் லண்டன். "நாட் ஃபார் பால்" என்று இருந்தால் வயதையே சொல்லிவிடலாம். குழல்வாய் குறுகலானது, இதில் ஒற்றைக் குண்டு போடாதே என்ற எச்சரிக்கை அது. 1875-லிருந்து 1887 வரைதான் அந்த வாசகத்தை அடித்தார்கள்.

இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடுகிற பட்டையில் உள்ள பெயர் செய்தவருடையதாகவும் இருக்கலாம், விற்றவருடையதாகவும் இருக்கலாம். கல்கத்தா மாண்டன், கல்கத்தா ராடா, நம்ம மெட்ராஸ் பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயரெல்லாம் அப்படி வரும். பி. ஆர் கடிகாரக் கடையாச்சே, அந்தப் பெயர் துப்பாக்கியில் எப்படி என்று திகைக்க வேண்டாம், அவர்கள் அதையும் விற்றார்கள். ராடா என்றால் 1914 ஆகஸ்டில் 50 மவுசர் கைத்துப்பாக்கிகளை வங்கப் புரட்சிக்காரர்கள் வண்டியோடு கடத்தினார்களே, அதே கம்பெனிதான்.

பெல்ஜியம் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். மலிவுச் சரக்கும் அங்கிருந்து வந்தது, அருமையான செதுக்கு வேலையும் அங்கிருந்து வந்தது. உங்களுடையது எது என்று பார்க்க, அடுத்தடுத்த பதில்களையும் படியுங்கள்.

கயத்தாறு வாசகர்: எங்கள் குடும்பத்தில் கட்டபொம்மன் காலத்துத் துப்பாக்கி ஒன்று உள்ளது. இரண்டு குதிரை (வெளியே தெரியும் அடிசுத்தி), இரட்டைக்குழல், தோட்டா போட்டுச் சுடுவது. அருங்காட்சியகம் வாங்குமா?

கயத்தாற்றிலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம்தான். ஆனால் தம்பி, கட்டபொம்மனை உங்கள் ஊரில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. அன்றைக்குப் புழக்கத்தில் இருந்தது பெரும்பாலும் திரியால் பற்றவைக்கிற துப்பாக்கியும், சிக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிக்கிற துப்பாக்கியும்தான். மருந்தையும் குண்டையும் வாய் வழியாகக் கம்பியால் குத்தி இறக்க வேண்டும். கேப் (அடித்தால் பொறி கிளம்பும் சின்ன உலோக மூடி) வைத்துச் சுடுவது 1820-களில் பரவியது. குழலை மடக்கிப் பின்பக்கம் தோட்டா போடும் முறையை பிரான்சில் லெஃபோஷே கொண்டுவந்தது 1830-களில். இங்கிலாந்துக்காரர்களுக்கு அதன் அருமை 1851 லண்டன் கண்காட்சிக்குப் பிறகுதான் புரிந்தது. ஆக, உங்களுடையது எவ்வளவு பழசாக இருந்தாலும் கட்டபொம்மன் காலத்துக்கு முப்பது வருஷமாவது இளையது.

அதோடு, 1801-ல் ஊமைத்துரையையும் தூக்கிலிட்ட பிறகு, இந்தச் சீமையில் ஆயுதம் வைத்திருக்கவே கூடாது என்று கும்பெனி அறிவிப்புப் போட்டுக் கோட்டை கோட்டையாகப் பறித்துக்கொண்டது. அதற்குப் பின் நம் பக்கத்துக்கு வந்த நல்ல துப்பாக்கிகள் வெள்ளைக்கார அதிகாரிகள், தோட்டத் துரைகள், ஜமீன்கள் வழியாக வந்தவை. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்ததும் அவை கைமாறின. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டைக்குக் கடிவாளம் விழுந்ததும் சுவரில் ஏறின. நான் கடையில் சேர்ந்தது அதே வருஷம். வேட்டைக்காரர்கள் ரிப்பேருக்குக் கொண்டுவருவது நின்று, பிள்ளைகள் "பாலிஷ் போட்டுக் கொடுங்க" என்று கொண்டுவர ஆரம்பித்த காலம்.

திசையன்விளை வாசகர்: வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிடுகிறோம். இப்போது வேலைப்பாட்டுக்குள் கறுப்பாக அடைந்திருக்கிறது. எதைப் போட்டுத் தேய்க்கலாம்?

எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். இந்த ஒரு பதிலையாவது வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

குழைத்த சந்தனம் என்றால் தண்ணீர். மயிரிழை அகலக் கோட்டுக்குள் அது இறங்கி, காய்ந்து, அடுத்த மழையில் ஈரத்தை இழுத்து, அடியில் துருவை வளர்க்கும். எலுமிச்சம்பழத்தைக் குழல்வாயில் செருகுகிற வீடும் உண்டு. அந்தச் சாறு ஒரு ராத்திரியில் செய்கிற வேலையை நானூறாம் நம்பர் எமரித் தாள்கூடச் செய்யாது. நல்ல துப்பாக்கியின் ஆக்‌ஷனில் (குழலைப் பூட்டிப் பிடிக்கும் இரும்பு உடல்) நீலமும் பழுப்பும் வைக்கோல் மஞ்சளும் கலந்து மயில் கழுத்து மாதிரி ஒரு நிறம் ஓடும். எலும்புக் கரியில் புதைத்துச் சூடாக்கித் தண்ணீரில் முக்கும்போது பிறக்கும் நிறம். தோல் கனத்துக்குத்தான் அது இருக்கும். போனால் போனதுதான். சாமி கும்பிடுங்கள், பொட்டைக் கட்டையின் பிடியில் வையுங்கள், இல்லையென்றால் பெட்டிக்கு வையுங்கள்.

இப்போது அடைந்திருப்பதை எடுக்க, கொஞ்சம் மண்ணெண்ணெயும் குழந்தைகள் பல் துலக்கும் மெத்தென்ற பிரஷும் போதும். தடவி, ஒரு நாள் ஊறவிட்டு, கோட்டின் போக்கிலேயே துலக்கி, பழைய மல் வேட்டித் துணியால் ஒற்றுங்கள். பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, பிசினாகிவிடும். கட்டைக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய் இரண்டு சொட்டு, உள்ளங்கைச் சூட்டில் தேய்க்கலாம். பித்தளை விளக்கும் பாலிஷ் டப்பாவை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

நான் ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்றால், நானே செய்திருக்கிறேன். கடையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், குதிரை வைத்த இரட்டைக்குழல் ஒன்றைக் கொடுத்து, "லேசா துரு எடுத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி (கடை முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம்) மதுரைக்குப் போயிருந்தார். வேலை காட்டிவிடலாம் என்று பூட்டுத் தகடுகளைக் கழற்றி, முதலில் எமரி, பிறகு பஃபிங் சக்கரம். சாயங்காலம் பார்த்தால் தகட்டில் என் முகம் தெரிகிறது. எனக்கு ஒரே பெருமை. அண்ணாச்சி வந்தார், எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். "ஏலே, இரும்பு இருக்கு, வேலையைக் காணோமேலே" என்றார். அடிக்கவில்லை. பெரியவரும் திட்டவில்லை. கூலியைக் கொடுத்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். கூலி கொடுத்ததுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்தத் தகட்டில் என்ன இருந்தது என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. சுருள்கொடி, நடுவில் ஏதோ ஒரு பறவை. பார்க்காமலேயே தேய்த்தவன் நான்.

வள்ளியூர் வாசகர்: கையால் செதுக்கியதா, அச்சில் அடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் துப்பாக்கிக்காரர் இல்லை. நெல்லை டவுன் ரத வீதியில் இருந்த ஒரு நகை ஆசாரி. மேற்படி சம்பவத்துக்குப் பிறகு அண்ணாச்சி என்னை அவரிடம் அனுப்பினார், "போய்ப் பார்க்கக் கத்துக்கிட்டு வா" என்று. அவருடைய பத்து மடங்கு லென்ஸில் முதன்முதலாகப் பார்த்தபோது, நான் கோடு என்று நினைத்தது கோடே இல்லை, வாய்க்கால். கையால் வெட்டினால் உளி நுழையும் இடத்தில் மெல்லியதாகத் தொடங்கி, வளைவில் ஆழ்ந்து அகன்று, வெளியேறும் இடத்தில் மறுபடி ஊசியாக முடியும். அடிப்பகுதி கூராக, வெளிச்சத்தில் மின்னும். அச்சில் அடித்தது ஒரே ஆழத்தில், அடி மழுங்கி, வெண்ணெயில் விரல் வைத்த மாதிரி இருக்கும். இடது தகட்டையும் வலது தகட்டையும் ஒப்பிடுங்கள். கையால் செய்திருந்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அச்சு என்றால் கண்ணாடிப் பிம்பம்.

அப்புறம் ஸ்குரூ தலைகளைப் பாருங்கள். லண்டனின் உயர்ந்த வேலையில், தகட்டில் ஓடும் கொடி ஸ்குரூ தலை மேலேயும் ஏறி அந்தப் பக்கம் இறங்கும். எல்லா ஸ்குரூவின் வெட்டும் குழல் ஓடும் திசையிலேயே நேராக நிற்கும். ஒன்று கோணலாக நின்றாலோ, வெட்டின் ஓரம் பிய்ந்திருந்தாலோ, யாரோ சைக்கிள் கடை ஸ்குரூ டிரைவரால் கழற்றியிருக்கிறார்கள். நாங்கள் ஒவ்வொரு வெட்டுக்கும் தனித்தனியாகத் தீட்டிய டிரைவர் வைத்திருப்போம்.

ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கை உண்டு. 1814-ல் தொடங்கிய லண்டன் பர்டி என்றால் சின்னச் சின்ன ரோஜாக் கொத்தும் நெருக்கமான சுருளும், கிட்டத்தில் போனால்தான் தெரியும். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் பட்டறையின் ராயல் ரகம் என்றால் அகன்ற இலைச்சுருள், பத்தடி தூரத்திலேயே தெரியும். இத்தாலியில் கார்டோனே பக்கத்துக்காரர்கள் கோடே போடாமல் ஊசிமுனைப் புள்ளிகளாலேயே பறவையின் இறகைக் கொண்டுவருவார்கள். அது போட்டோ மாதிரி இருக்கும். எனக்கு ரோஜாதான் பிடிக்கும். கிருஷ்ணாபுரம் சிலைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது என்ன ரசனை என்று ஆசாரி கேலி செய்வார்.

கடையம் வாசகர்: தோட்டத்தில் பன்றித் தொல்லை. தாத்தாவின் துப்பாக்கியில் குழல் முழுக்கப் பாம்புத்தோல் மாதிரி வரி. லைசென்ஸ் உண்டு. சுடலாமா?

பன்றியைச் சுடுவதற்கு வனத்துறையிடம் கேளுங்கள், அது தனிக் கதை. அந்தத் துப்பாக்கியால் சுடலாமா என்றால், வேண்டாம். அந்த வரி இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சேர்த்து, கம்பியின் மேல் வெற்றிலைக்கொடி மாதிரி சுற்றி, காய்ச்சி அடித்துச் செய்த டமாஸ்கஸ் குழல். கருமருந்துக்குப் பிறந்தது. புகையில்லா மருந்துக்குச் சோதித்த குழலில் 1904-லிருந்து பர்மிங்காமிலும் லண்டனிலும் தனி முத்திரை உண்டு. அது இல்லாவிட்டால் பேச்சே இல்லை.

இன்னொன்று. அந்தக் காலத்துத் தோட்டா அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம், 65 மில்லிமீட்டர். இப்போதைய தோட்டா 70. "உள்ளே சுலபமாப் போகுதே" என்பார்கள். போகும். 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். மடிந்திருக்கும்போது போய்விடும், வெடிக்கும்போது விரிய இடம் இல்லாமல் குழலின் கழுத்தை அடைக்கும். அழுத்தம் எகிறும். குழலைத் தாங்கிப் பிடிக்கிற இடது கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவில் வாசகர்: இந்த மாதிரி துப்பாக்கிகளைச் சேகரிக்க ஆசை. பத்துப் பதினைந்து சேர்க்க முடியுமா?

முடியாது. முன்பு ஒருவருக்கு மூன்று. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு. பரம்பரைச் சொத்தாக வந்தாலும் அந்த இரண்டுக்குள்தான். ரிப்பேர் செய்தாலும் சுடவே முடியாத, பழம்பொருளாக மட்டும் மிஞ்சியதற்கு 45-ம் பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் அதை முடிவு செய்வது நீங்களோ நானோ இல்லை. அந்த விலக்குக்காக நல்ல துப்பாக்கியில் துளை போட்டு வெல்டிங் வைத்தவரைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆளோடு அதற்குப் பிறகு நான் டீ குடிப்பதில்லை. நூறு வருஷம் தாண்டிய பொருளை வெளிநாட்டுக்கு விற்கலாம் என்ற யோசனையும் வேண்டாம், 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும்.

மும்பை தாராவியிலிருந்து நாங்குநேரிக்காரர்: ஊரில் பெரியப்பா வீட்டுத் துப்பாக்கியில் நீண்ட மூக்குள்ள பறவை ஒன்றும், வால் நீண்ட சேவல் ஒன்றும் உள்ளன. கொக்கும் மயிலுமா?

சேவல் மாதிரி இருப்பது ஃபெசன்ட். நம் பக்கத்தில் கிடையாது. இங்கிலாந்தில் செதுக்கியவர் அங்கே பார்த்ததைச் செதுக்கியிருக்கிறார். நீண்ட மூக்கு உள்ளானாக இருக்கும். அறுவடை முடிந்த வயலில் சேற்றைக் குத்திக்கொண்டு நிற்குமே, அதுதான். கோணல்மாணலாகப் பறக்கும், சுடுவது மகா கஷ்டம். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 1770-களில் இந்த 'ஸ்நைப்' வேட்டைக்குப் போனதிலிருந்துதான் 'ஸ்நைப்பர்' என்ற சொல்லே பிறந்தது. பெரியப்பாவிடம் சொல்லுங்கள், கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் போய்ப் பார்த்தால் உயிரோடு ஒப்பிடலாம்.

பத்தமடை வாசகி: உங்களிடம் எத்தனை துப்பாக்கி இருக்கிறது?

ஒன்றும் இல்லை. என் பேரில் லைசென்ஸ் வாங்கியதே இல்லை. நாலு நோட்டு இருக்கிறது. பெரியவரின் தகட்டைத் தேய்த்த வருஷத்திலிருந்து, மேசைக்கு வந்த ஒவ்வொரு சித்திர வேலையையும், உடையவரைக் கேட்டுக்கொண்டு, தாளில் படி எடுத்து வைத்தேன். சின்ன வயதில் நாலணாவின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதே வித்தைதான். முதலில் சிகரெட் பெட்டிக்குள் வரும் தாள், பிறகு டிரேசிங் தாள். வீட்டில் துப்பாக்கி உள்ளவர்கள் செய்து வையுங்கள். குழலில் தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, எண்ணெயைச் சுத்தமாக ஒற்றி எடுத்து, தாளை நகராமல் பிடித்துக்கொண்டு, 6பி பென்சிலைப் படுக்கவைத்து ஒரே திசையில் தேயுங்கள். அழுத்தினால் தாள் கிழிந்து கரி கோட்டுக்குள் இறங்கிவிடும். முடிந்ததும் பிரஷால் தட்டிவிட்டு மறுபடி எண்ணெய் தடவுங்கள். தாளின் ஓரத்தில் தேதியும் துப்பாக்கியின் நம்பரும் எழுத மறக்காதீர்கள். என் முதல் நோட்டில் பதினோரு பக்கத்துக்கு நம்பர் இல்லை, யாருடையது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.